உள்ளே போன பந்து

காலால் உதைக்காத ஒன்றுக்குப் போய் ஃபுட்போல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் இந்த அமெரிக்கர்கள். பந்து இரண்டு பக்கமும் கூர். பத்து விநாடி ஓடுவார்கள், ஒருவன்மேல் ஒருவன் விழுவான், பிறகு எழும்பி வட்டமாக நின்று கூட்டம் போட்டுக் கதைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் வாயில் விசிலோடு மைதானத்தில் ஓடியவன் நான். எனக்கு முன்னால் இதெல்லாம் ஒரு விளையாட்டா? ஆனாலும் செப்டெம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு டிவிக்கு முன்னால் முதல் ஆளாகக் குந்துகிறவனும் நான்தான். எண்பத்துமூன்றாம் இலக்கச் சட்டை போட்டு ஓடுகிறவன் என் மகன் லூக்கா. ஓஹாயோவில் ஒரு கல்லூரியில் படிக்கிறான், அவர்களுடைய அணிக்கு விளையாடுகிறான்.

நாங்கள் இருக்கிறது இத்தாலியில், பலெர்மோவில். எங்கள் ஆட்களுக்கு இங்கத்தைக் காகிதங்களில் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். அதனால் அவன் முதுகில் தோளிலிருந்து தோள்வரை ‘இருதயராஜ்’ என்று என் பெயர் கிடக்கும். வர்ணனை சொல்கிறவர்களுக்கு அது வாயில் வராது. ஒருவன் ‘இரூடே’ என்பான், மற்றவன் ‘இராடி’ என்பான். அறுப்பான்கள். அத்தனை சனத்துக்கு முன்னால் என் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிற பிள்ளை, என்னோடு வாரத்துக்கு இரண்டு வசனம்தான் கதைப்பான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு போன் வரும். என் மனைவி புனிதமலர் அடுப்படியில் நின்றால் நான் எடுப்பேன்.

“சுகமோ தம்பி?”

“ஓம் அப்பா, சுகம். அம்மாட்டைக் குடுங்கோ.”

அவன் வீட்டில் இருந்த காலமும் சேர்த்து, ஆறு வருடமாக எங்களுக்குள் இவ்வளவுதான் கதை.

போன ஞாயிறு அவன் தாயிடம் ஒன்று சொன்னான். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வரமாட்டானாம். படிப்பு முடிந்தாலும் அங்கேயே இருந்துவிடப் போகிறானாம். புனிதமலர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றுக் கோப்பையை எனக்கு முன்னால் டொங்கென்று வைத்தாள்.

“நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் அவன் வருவான்.”

“நான் என்னத்தைச் சொல்ல?”

“என்னெண்டு உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். தெரியாமல் என்ன.

அப்போது அவனுக்குப் பதினாறு வயது. ஜூன் மாதம். இங்கே பலெர்மோவில், பிரான்காச்சோப் பகுதியில், அந்த மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட மைதானம். எங்கள் தமிழ்ப் பெடியளுக்கும் மொரீசியஸ்காரப் பெடியளுக்கும் இறுதி ஆட்டம். காலால் உதைக்கிற, உண்மையான ஃபுட்போல். வழமைபோல நடுவர் நான். மற்றப் பக்கத்துக் கோல்காப்பாளனின் தகப்பன் வெல்லியென். நான் வேலை செய்கிற அதே கட்டடத்தில் ஒரு இத்தாலிக்காரச் சின்யோரா அம்மாவுக்குச் சமைக்கிறவர், என் நல்ல கூட்டாளி. அவர்தான் தொடக்கி வைத்தார். லூக்கா பந்தைத் தொட்ட நேரமெல்லாம், நான் விசில் ஊதிய நேரமெல்லாம், வேலிக் கரையிலிருந்து சத்தம்: “பாப்பா! பாப்பா!” இத்தாலியனில் ‘அப்பா’. குழந்தைப்பிள்ளை தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி இழுத்து இழுத்துக் கத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் எனக்குக் கல்லெறிந்திருக்கிறார்கள், நான் அசையவில்லை. இந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க ஏலாமல் போனது.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். கோர்ணரில் இருந்து வந்த பந்தை லூக்கா எழும்பித் தலையால் அடித்தான். மேல் கம்பத்தில் பட்டு, நேரே கீழே விழுந்து, எகிறி வெளியே வந்தது. கோல்காப்பாளன் பாய்ந்து பிடித்துவிட்டான். நான் நாலு எட்டுத் தள்ளி நின்றேன். பந்து விழுந்த இடம் கோட்டுக்கு உள்ளே. ஒரு சாண் உள்ளே. என் இரண்டு கண்ணாலும் கண்டேன்.

விசில் வாயில் இருந்தது. வேலிக்கரை கப்சிப். பாப்பா என்ன செய்யப் போகிறார் என்று முழுச்சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. நான் இரண்டு கையையும் விரித்தேன். கோல் இல்லை, விளையாடு.

பெனால்டியில் தோற்றோம். வெல்லியென் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நேர்மையான மனுசன் நீ” என்று இத்தாலியனில் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். எப்பேர்ப்பட்ட விசரன் நான்!

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் லூக்கா போனோடு வந்து நின்றான். “அப்பா, செந்தாமரை அன்ரி வீடியோ எடுத்தவ. ஒருக்காப் பாருங்கோ.”

“நான் ஊதினது ஊதினதுதான்.”

“பாருங்கோ எண்டுதானே கேக்கிறன்.”

“போய் உன்ரை வேலையைப் பார்!” என்று கத்திவிட்டேன். அவன் போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். அதன்பிறகு கேட்கவேயில்லை. சப்பாத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டான். ஒக்டோபரில் பலெர்மோப் பெடியள் கொஞ்சப்பேர் விளையாடுகிற அமெரிக்க ஃபுட்போலுக்குப் போனான். ஏன் அந்தக் கோதாரிக்குப் போகிறாய் என்று நான் கேட்டதற்கு என்னைப் பார்க்காமல் தாய்க்குத்தான் பதில் சொன்னான். “பெரிய ஆட்டங்களிலை, சந்தேகமெண்டால் திரும்பப் பாப்பினம் அம்மா.”

நேற்றுச் சனிக்கிழமை. அவனுடைய அணி நாலு புள்ளி பின்னுக்கு. ஆட்டம் முடிய அரை நிமிடம் கூட மிச்சமில்லை. கடைசிக் கட்டத்துக்குள் பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி, வெற்றி. பந்து உயர எழும்பி வந்தது. மூலையில் எண்பத்துமூன்று தாவியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் விழுந்தான். பக்கத்தில் நின்ற நடுவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். டச்டவுன்! புனிதமலர் துள்ளியெழும்ப, மடியில் கிடந்த செபமாலை எங்கேயோ பறந்தது.

உடனே திரையில் எழுத்து ஓடியது. ரிவியூ. சரியாகப் பிடித்தானா என்று திரும்பப் பார்க்கப் போகிறார்களாம்.

பக்கத்திலிருந்து காட்டினார்கள், மேலேயிருந்து காட்டினார்கள், மெதுவாக, இன்னும் மெதுவாக. “முகத்தைக் காட்டமாட்டாங்களோ?” என்றாள் இவள். அந்த விளையாட்டில் முகம் எங்கே தெரிகிறது, முழுக்க ஹெல்மெட்டும் கம்பியும். அப்போதுதான் லூக்கா ஓரத்துக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்றினான். கமெரா அவனிடமே போய் நின்றது. தாடி வைத்திருந்தான். வாய்க்குக் கீழே நாடியில், தாடி முளைக்காத கோடாக ஒரு தழும்பு, அது எப்போது வந்ததென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவன் கண்வெட்டாமல் மைதானத்துப் பெரிய திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

புனிதமலர் எழும்பி டிவிக்குக் கிட்டப் போனாள். “ஐயோ, மெலிஞ்சு போனான் என்ரை பிள்ளை. ஆறுதலாப் பாக்கட்டும். அவங்கள் இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டும்.” வெற்றி தோல்வி அவளுக்கு எதற்கு? அந்த ரிவியூ முடியாமல் இருந்தால் போதும். எனக்கும் அதுதான். இரண்டு வருடம் கழித்து அவன் முகத்தை அவ்வளவு நேரம் பார்க்கிறேன். அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

ஆனால் என் கண் சும்மா இருக்குமா? பின்பக்கத்துக் கமெராவில் தெரிந்துவிட்டது. அவன் விழுந்த நேரம் பந்தின் கூர் புல்லில் குத்தி, பந்து கைக்குள்ளேயே புரண்டது. வாய் நிற்கவில்லை. “பிடிபடேல்லை. நிலத்திலை பட்டிட்டுது.”

இவள் திரும்பினாள் பாருங்கள் ஒரு பார்வை. “எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தும் பெத்த பிள்ளைக்கு இல்லையெண்டுதான் ஊதுவியளோ?”

வெள்ளைத் தொப்பி போட்ட பெரிய நடுவர் மைதானத்துக்கு நடுவில் வந்தார். மைக்கைத் தட்டினார். திரும்பப் பார்த்ததில் பந்து நிலத்தில் பட்டு அசைந்தது தெரிகிறது, முதலில் கொடுத்த தீர்ப்புப் பிழை, டச்டவுன் இல்லை என்றார். சனம் ஊவென்று கத்தியது. கையைத் தூக்கிய நடுவர் பக்கத்திலேயே நின்றார். ஒருவரும் அவரை அடிக்கவில்லை, அவர் மண்ணுக்குள் புதையவும் இல்லை. பந்தை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டுத் தன் பாட்டுக்கு ஒதுங்கினார். லூக்கா ஒருதரம் தலையாட்டினான், ஹெல்மெட்டைப் போட்டான். தோற்றுப்போனார்கள். நான் இரவு முழுக்க அந்தத் தலையாட்டலையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

இன்றைக்கு நாலு மணிக்கு போன் அடித்தது. புனிதமலர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் முந்திவிட்டேன்.

“சுகமோ தம்பி?”

“ஓம் அப்பா, சுகம். அம்மாட்டை…”

“பொறு. நேற்றைப் பந்து பிடிபடேல்லை.”

“தெரியும் அப்பா.”

“பிரான்காச்சோவிலை அண்டைக்கு…” போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். “உன்ரை பந்து உள்ளை போனது. நான் கண்டனான். கண்டுகொண்டுதான் இல்லையெண்டனான்.”

புனிதமலர் ஈரக்கையோடு அப்படியே நின்றாள்.

“அந்த வீடியோ இருந்தால் அனுப்பு. இப்ப பாக்கிறன்.”

“அதிலை ஒண்டும் தெரியாது அப்பா.”

“என்ன?”

“உங்கடை முதுகுதான் தெரியுது. பந்து விழேக்கை நீங்கள் குறுக்கை நிக்கிறியள். நான் அண்டைக்கே பாத்திட்டன்.”

“அப்ப ஏனடா என்னைப் பார், பார் எண்டனி?”

“அப்பிடியாவது வாய் திறப்பியளெண்டு நினைச்சன். நான் அடிச்சிட்டு விழுந்துபோனன் அப்பா. நான் காணேல்லை. கண்டது நீங்கள் மட்டும்தானே. ஆறு வருசமா எனக்குத் தெரியாது.”

பிள்ளை என்னைக் கள்ளனென்று நினைத்திருக்கிறான் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன். அவன் கேட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறான்.

“உள்ளை போனது ராசா. ஒரு சாண் உள்ளை. நல்ல கோல்.” போனைப் புனிதமலர் பக்கம் நீட்டப் போனேன். “அம்மாட்டைக் குடுக்கிறன்.”

“வேண்டாம், வேண்டாம். நீங்கள் சொல்லுங்கோ. கோர்ணரிலையிருந்து சொல்லுங்கோ. மெதுவா.”

சொன்னேன். எங்கள் பக்கத்துப் பெடியன் தினேஷ்குமார் கோர்ணர் அடித்தது, இவன் இரண்டு பேருக்கு நடுவால் எழும்பியது, கம்பம் அதிர்ந்தது, கோட்டுக்கு உள்ளே சுண்ணாம்பில்லாத மண்ணில் பந்து குத்திப் புழுதி எழும்பியது. ஒவ்வொன்றுக்கும் “பிறகு?” என்று கேட்டான். முடிந்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“நத்தாருக்கு வந்தனெண்டால் அந்த இடத்தைக் காட்டுவியளோ?”

“காட்டுறன்” என்றேன்.

புனிதமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.