சுமித்ரா திருப்பிய கமரா

சுமித்ரா தன் உடம்பிலிருந்த கோளாறைப் புருஷனிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இறப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் அடிவயிறு கனத்து, கீழே ஏதோ இறங்கி நிற்பது போலிருக்கும். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். யாராவது கேட்டால் கால் மரத்துவிட்டது என்பாள்.

ருவான்வெல்லைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு டொக்டர் யாரும் நேரில் வருவதில்லை. புதன்கிழமைகளில் ஒரு சிங்கள டொக்டரம்மா கொழும்பிலிருந்து டெப் என்ற கைக்கணினித் திரையில் பேசுவார். பொறுமையானவர் என்று பெயர். ஆனாலும் சுமித்ரா அந்தப் பக்கமே போகவில்லை. காரணம், நலன்புரி உத்தியோகத்தர் இந்திரகுமார். மொழிபெயர்க்கிறேன் என்று டெப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கதவு திறந்தே கிடக்கும். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருப்பவர்களின் காதுக்கு ஒரு சொல் தப்பாது. இருமினால் சிறுநீர் கசிகிறது என்று கூட வேலை செய்யும் சின்னம்மா போன மாதம் சொன்னது, பொழுது சாய்வதற்குள் கடைவரை போய்விட்டது. மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்காக எல்லாரும் கூடி நிற்கையில் ஒருவன் அவளைப் பார்த்து இருமிக் காட்டினான். அதன்பிறகு சின்னம்மா யாரோடும் சேர்ந்து நடப்பதில்லை.

ஒருநாள் வாளியோடு விழுந்து எழ முடியாமல் கிடந்தபோதுதான், இனிப் பொறுப்பதில்லை என்று சுமித்ரா முடிவெடுத்தாள்.

புதன்கிழமை அவள் முறை வந்தது. இந்திரகுமார் காலை நீட்டி உட்கார்ந்தபடி, என்ன வருத்தம் என்று கேட்டார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. சந்தையில் பேசிப் பழகிய சிங்களத்தில், இந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியுமா என டொக்டரம்மாவிடம் கேட்டாள். நீங்களும் மொழிபெயர்ப்பவரும் மட்டும்தானே என்றார் அவர்.

சுமித்ரா எழுந்து டெப்பைத் தாங்கியோடு தூக்கித் திருப்பினாள். இந்திரகுமாரின் நீட்டிய கால்கள், திறந்த கதவு, வெளியே வாங்கில் எட்டிப் பார்க்கும் தலைகள், எல்லாவற்றையும் கமராவுக்குக் காட்டினாள்.

இந்திரகுமார் துள்ளி எழுந்தார். "அதத் தொடாத. தோட்டத்து சாமான் அது."

"டெப் தோட்டத்துதுங்க ஐயா. ஒடம்பு என்னோடதுங்க. நீங்க வெளிய போங்க."

வருத்தத்தைச் சொல்ல உன் சிங்களம் போதாது, துரையிடம் சொல்லி வேலையை நிறுத்திவிடுவேன் என்றெல்லாம் அவர் கத்தினார். அவள் அசையவில்லை. இந்த மனிதர் போகும்வரை இன்று யாரையும் பார்க்கமாட்டேன் என்று திரையிலிருந்து டொக்டரம்மா அழுத்தமாகச் சொன்னார். இந்திரகுமார் போனார். சுமித்ரா கதவைச் சாத்தினாள்.

இத்தனை நாள் மறைத்ததையெல்லாம் சொன்னாள். சிங்களச் சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். கருப்பை இறங்கியிருக்கும் போலிருக்கிறது, பாரம் சுமக்கிற பெண்களுக்கு வருவதுதான், குணப்படுத்தலாம், ஆனால் நேரில் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார் டொக்டரம்மா. கேகாலை கிளினிக்கில் அவரே பேசி நாள் வாங்கித் தந்தார்.

அடுத்த புதன்கிழமை டிஸ்பென்சரியில் கதவையே காணோம். பழுதுபார்க்கக் கழற்றியதாக இந்திரகுமார் சொன்னார். சுமித்ரா தன் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேலை ஒன்றை எடுத்துவந்து கதவு நிலையில் கட்டினாள். காத்திருந்த பெண்கள் வாங்கைத் தூக்கி முற்றத்தின் கோடியில் போட்டார்கள். யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள் என்று அவர் அதட்டினார்.

"யாரையும் கேக்கலிங்க ஐயா. நாங்களா செஞ்சோம்" என்றாள் சுமித்ரா.

சேலையை ஒதுக்கிவிட்டு உள்ளே வரப் பார்த்தவர், அதற்கு முன்னால் சுமித்ரா வழிமறித்து நிற்பதைக் கண்டு அப்படியே நின்றார். பிறகு ஒப்பீசுப் பக்கமாக இறங்கிப் போனார். அவர் போனதும் பெண்கள், சுமித்ராவைப் போலச் சந்தைச் சிங்களம் பேசும் சின்னம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார்கள். முற்றத்தில் வேண்டுமென்றே சத்தம்போட்டுப் பேசிச் சிரித்தார்கள். சேலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற சுமித்ராவுக்கும் உள்ளே பேசியதில் ஒன்றும் கேட்கவில்லை.