நாலு மணித் தாழ்ப்பாள்

எங்கள் நாடகத் துறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். நான்கு மணிக்கு அரங்கத்தின் கதவு தாழிடப்படும். ஒத்திகையோ நாடகமோ, அதற்குப் பிறகு வருகிறவர் யாராயிருந்தாலும் வெளியேதான். நடிக்கிறவர் வெளியே நின்றால் அவருடைய வேடம் அன்றோடு கைமாறும். சட்டத்தைப் போட்டவர் எங்கள் பேராசிரியர். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'நாலு மணி'. "கலைன்னா முதல்ல நேரம்மா" என்று அலுக்காமல் சொல்லுவார். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

நம்பினேன் என்றால் சும்மா இல்லை. இரண்டரை வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். சித்தி மகள் கல்யாணத்தில் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து ஓடியிருக்கிறேன். சித்தி இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசி வருட நாடகத்தில் நீதிபதி வேடம் கிடைத்தது. மூன்று மாதம் கையை ஆட்டாமல் பேசப் பழகினேன். வீட்டிலும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பேன். "கோர்ட்டார் அவர்களே, தீர்ப்ப அப்புறம் சொல்லலாம், முதல்ல பாத்திரத்தக் கழுவுங்க" என்பாள் அம்மா.

அம்மாவுக்குத் துணிக்கடையில் வேலை. வருகிறவர்கள் கலைத்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்க வேண்டும். ஒரு மத்தியானம் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, விழுந்தடித்து ஓடினேன். மணி நான்கு ஏழு. கதவு தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாக 'நாலு மணி' என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் நீதிபதியின் கறுப்பு அங்கி வேறொருத்தியின் தோளில் இருந்தது. எனக்கு மேடை நிர்வாகி வேலை. கதவோரம் வசனப் பிரதியோடு உட்கார வேண்டும், மணி அடிக்க வேண்டும், தாழ்ப்பாள் போட வேண்டும்.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் வாய் திறக்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று நினைத்தேன். அப்படி நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்தாவது நாள் கதாநாயகன் வந்து கதவைத் தட்டினான். மணி நான்கு இருபத்தைந்து. அவன் கல்லூரித் தாளாளரின் தங்கை மகன். நான் அசையவில்லை. 'நாலு மணி' தானே எழுந்து போய்த் திறந்துவிட்டார்.

"வண்டி பஞ்சர் சார்."

சட்டைக் காலரில் வெட்டின முடி ஒட்டியிருந்தது. பவுடர் வாசனை வேறு. பஞ்சர் ஒட்டுகிற கடையில் இப்போது முடியும் வெட்டிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

ஒத்திகை முடிந்ததும் நேராகப் போய்க் கேட்டேன். "சார், நான் வந்தது ஏழு நிமிஷம் லேட்டு. அவன் இருபத்தஞ்சு."

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா. இந்த நேரத்துல கதாநாயகன மாத்த முடியுமா?"

"எங்கம்மாவுக்குக் கை முறிஞ்சிருந்தது சார்."

"அதுக்காக ரூல மாத்த முடியுமா? நீ மேடை நிர்வாகி. கதவ மட்டும் பாரு."

சரி, கதவை மட்டும் பார்த்தேன்.

நாடகம் போடுகிற நாள்தான் எங்களுக்கு இறுதித் தேர்வு. வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் மூன்றே முக்காலுக்கே முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். கதாநாயகன் உட்பட நடிகர்கள் எல்லோரும் தயார். மூன்று ஐம்பத்தைந்துக்கு 'நாலு மணி' பூங்கொத்தோடு எழுந்தார். தாளாளரை வரவேற்கப் போகிறாராம். "கொஞ்சம் லேட்டானாலும் பரவாயில்ல, நாங்க வந்தப்புறம் ஆரம்பி" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அவர் கையில். அவர் மனது வைத்தால் என் மூன்று வருடமும் பாழ். அது எனக்குத் தெரியும். நான்கு மணிக்கு மணி அடித்தேன், தாழ்ப்பாளைப் போட்டேன். நாடகம் தொடங்கியது.

மூன்று நிமிடம் கழித்துக் கதவில் விரலால் தட்டுகிற சத்தம்.

"கண்ணு, நான்தான். அரை நாள் லீவு கேட்டு வந்தேன். பஸ் கிடைக்கல."

மாவுக்கட்டோடேயே கடைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா இங்கே வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. கதவிடுக்கில் வாயை வைத்து, "அம்மா, நாலு மணி ஆயிடுச்சும்மா" என்றேன்.

"நீ மணி அடிக்கிறதயாவது பாக்கலாம்னு வந்தேன். சரி, நீ வேலையப் பாரு" என்றாள். தாழ்ப்பாளில் வைத்த கையை நான் எடுத்ததும் வைத்ததும் எத்தனை முறை என்று சொல்ல முடியாது.

நான்கு பத்துக்குக் கதவு அதிர்ந்தது.

"ஏய், தொற! தாளாளர் நிக்கிறாரு!"

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா அது?"

"லேட்டா வந்தவங்க மேடம். நாலு மணிக்கு மேல தொறக்கக் கூடாதுன்னு எங்க சார் ரூல் போட்டிருக்காரு."

தேர்வாளர் தலையாட்டிவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மறுபடியும் தட்டல். அதற்கு மேலாக அம்மாவின் குரல் கேட்டது.

"தட்டாதீங்க சார். எனக்கே தொறக்கல, நான் அவளப் பெத்தவ. ஐயாவக் கூட்டிட்டு வாங்க, இந்தப் படியில இடம் இருக்கு."

தட்டல் நின்றது. நான் வசனப் பிரதியில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.