ஜன்னல் தெரியாத படம்

மொன்ரியாலில் அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே நான் முப்பத்திரண்டு படங்கள் எடுத்து வைத்துக்கொண்டேன். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டையும் பூனையையும் பார்த்துக்கொள்கிற எங்களுக்குள் இது எல்லாரும் அறிந்த தந்திரம். வீட்டுக்காரர்கள் தினம் ஒரு படம் கேட்பார்கள். என்றைக்காவது பூனை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு அடம்பிடித்தால், கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துவிட வேண்டியதுதான். முப்பது வருஷம் மெய்ன் மாநிலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். முன்னேற்பாடு இல்லாமல் எதிலும் கை வைக்க மாட்டேன்.

வீட்டுக்காரி சொலாஞ்ச். கணவன் ரெமி. ஒரே பெண் மாயெல், ஒன்பது வயசு. மூவரும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குக் குவாதலூப் தீவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பூனைகள் இரண்டு. ப்ரூன் என்று ஒரு குண்டுப் பெண். கப்பித்தேன் என்று ஒரு கிழவன். கிழவனுக்குப் பத்தொன்பது வயசு.

டாக்ஸி வந்து நின்றதும் ரெமி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"வெர்னா, கிழவன் இந்த வாரம் தாங்குவானோ என்னவோ. டாக்டரே கைய விரிச்சுட்டாரு. ஏதாவது ஆச்சுன்னா, நாங்க திரும்பி வர்ற வரைக்கும் மூச்சு விடாதீங்க. பொண்ணு அழுதே ஒரு வழியாயிடுவா."

"உங்களுக்கு மட்டும் சொல்லவா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். என் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும்."

நல்லா மாட்டிவிட்டான் என்று நினைத்தேன். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன்.

நான் போனபோதே தெருவோரத்துப் பனி ஜன்னல் விளிம்புவரை குவிந்து கிடந்தது. அதன் மேல் இன்னும் இரண்டு நாள் ஓயாமல் பெய்தது. கார்கள் மறைந்தன. மாடிக்கு ஏறும் இரும்புப் படிகள் பாதியில் காணாமல் போயின. சொலாஞ்சின் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, யாருடையதோ கோப்பையில் காப்பி குடித்தபடி, மேல்வீட்டில் யாரோ பிரெஞ்சில் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கப்பித்தேன் என் நெஞ்சின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வான். கனமே இல்லை. அவன் தூங்கினால் நானும் தூங்கிப்போவேன். விழிக்கும்போது அறையெல்லாம் நீலமாக இருக்கும். விடிகிறதா, பொழுது சாய்கிறதா என்று தெரியாது. கிழமை மறந்தது. எனக்கென்று ஒரு ஊர் இருப்பதே யாரோ சொல்லிக் கேட்ட கதையாகத் தோன்றியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

இருபத்தேழாம் தேதி பால் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். வெயில் அடித்தது. அந்த வெளிச்சத்தை விட மனசில்லாமல் கால்போன போக்கில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டேன். திரும்பி வந்தபோது கப்பித்தேன் ஹீட்டர் பக்கத்தில் படுத்திருந்தான். ப்ரூன் அவன் காதை நக்கிக்கொண்டிருந்தாள். தொட்டதும் தெரிந்துவிட்டது.

"படுபாவி, கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதாடா?" என்று அழுதுகொண்டே திட்டினேன். டாக்டரிடமிருந்து ஆள் வந்து, துணியில் சுற்றி எடுத்துப்போனான். அவர்கள் ஊர் திரும்பும்வரை குளிரறையில் வைத்திருப்பார்களாம்.

அன்று மாலை சொலாஞ்ச் வழக்கம்போலப் படம் கேட்டாள். கையிருப்பிலிருந்து ஒன்றை அனுப்பினேன். 'என் செல்லமே!' என்று பதில் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலை ரெமி செய்தி அனுப்பினான்: தெருவில் பனி அள்ள வருகிறார்கள், காரை நகர்த்திவிடுங்கள். எங்கள் ஊரில் பனியை ஓரமாகத் தள்ளுவதோடு சரி, வசந்தம்வரை அப்படியே கிடக்கும். இங்கே சைரன் ஊதிக்கொண்டு வந்து, லாரி லாரியாக அள்ளிப்போனார்கள். காரை நகர்த்திவிட்டு வாய் பிளந்து வேடிக்கை பார்த்தேன். அன்றும் அதற்கடுத்த நாளும் படம் அனுப்பினேன்.

முப்பதாம் தேதி காலை போன் அடித்தது. மாயெல். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"வெர்னா, நான் பாத்ரூம்ல இருக்கேன். நான் பேசுறது அம்மாவுக்குத் தெரியாது. கப்பித்தேன் செத்துட்டானா?"

"என்ன கண்ணு இது? நேத்துகூடப் படம் அனுப்பினேனே."

"அதுல ஜன்னலுக்கு வெளிய பனி மலையாட்டம் இருக்கு. லாரி வந்துச்சுன்னா ஒண்ணும் விட்டுவைக்க மாட்டாங்க. நீங்கதான அப்பா காரை நகத்துனீங்க? அது பழைய படம்."

பின்சீட்டுப் பிள்ளைகளின் பொய்யைக் கண்ணாடியில் பார்த்தே பிடித்தவள் நான். இப்போது வசமாக மாட்டிக்கொண்டேன்.

"ஆமாம்மா. மூணு நாளாச்சு."

அந்தப் பக்கம் குழாயைத் திறந்துவிட்டாள். அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்றுதான். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தனியாவா போனான்?"

என் மடியில் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

"ப்ரூன் கூட இருந்தா. நான் இல்ல. கடைக்குப் போயிருந்தேன். என்ன மன்னிச்சுடு."

மூக்கை உறிஞ்சினாள். "பரவால்ல. வலிச்சா அவன் எங்களுக்குக் காட்டவே மாட்டான். அலமாரிக்குள்ள போயிடுவான். நீங்க வெளிய போனதே அவனுக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

நான் உடைந்துபோனேன். அறுபத்து மூன்று வயசில், ஒரு குழந்தை என்னைத் தேற்றுகிறது!

"அம்மாகிட்ட நானே சொல்லிடவா?" என்றேன்.

"ஐயோ, வேண்டாம்! அவன் குட்டியா இருந்தப்பவே அம்மா எடுத்து வளத்தது. இங்கதான் கொஞ்சம் சிரிச்சுட்டு இருக்காங்க. வீட்டுக்கு வந்து சொல்லிக்கலாம்." குழாயை மூடினாள். "இன்னிக்கும் படம் அனுப்புங்க. ஜன்னல் தெரியாததா பாத்து அனுப்புங்க."

இருந்த படங்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சிவப்புப் போர்வையில் அவன் சுருண்டு படுத்திருக்கும் ஒன்று அகப்பட்டது. மாலையில் அனுப்பினேன்.

சற்று நேரத்தில் சொலாஞ்சின் குரல் பதிவு வந்தது. பின்னால் கடல் இரைந்தது. "ரொம்ப நன்றி வெர்னா. இருங்க, மாயெல் ஏதோ சொல்லணுமாம்" என்றாள். பிறகு அந்தப் பெண்ணின் குரல், துளிக்கூட நடுங்காமல்:

"நல்லா தூங்குறான்ல? எழுப்பாதீங்க."