அசல் ஒயர்

சின்னவளின் அத்தானுக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும், தலைமுடியின் கறுப்பைத் தவிர. பழம்பொருள் ஆர்வலர் கழகத்துக்கு அவர்தான் தலைவர். உறுப்பினர்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி அவர் மனைவி, அதாவது சின்னவளின் அக்கா. தான் சேர்ந்த விஷயம் அக்காவுக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.

அவர் புதிதாக வாங்கிய பழசு ஒரு ஜூக்பாக்ஸ். காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் தானே இசைத்தட்டை எடுத்து வைத்துப் பாடும் பெட்டி. பீரோ மாதிரி உருவம், முன்பக்கம் முழுக்கப் பளபளக்கும் இரும்பு. மாலை ஐந்து மணிக்கு அறிமுக விழா. முதல் பொத்தானை அக்கா அமுக்குவாள் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்தாகிவிட்டது. மிக்ஸி, ஃபேன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மச்சினியின் நினைவு அவருக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் வந்தது. "சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போம்மா" என்று கூப்பிட்டார்.

பிளக் சுவரில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு சின்னவள் பின்பலகையைக் கழற்றினாள். துணி சுற்றிய பழைய ஒயரை லேசாக வளைத்தாள். உள்ளே இருந்த ரப்பர் சருகாகப் பொடிந்து உதிர்ந்தது. ஒயர் பெட்டிக்குள் நுழையும் ஓட்டையில் செப்புக் கம்பி பல்லை இளித்துக்கொண்டு இரும்பை உரசி நின்றது.

"அத்தான், இதை மாத்தணும்."

"மாத்தறதா? அசல் ஒயரு அது! எழுபது வருஷமா பாட்டு வந்த வழி."

"பாட்டு வரல, கரண்ட்டு வந்துச்சு. இனிமே இரும்புக்கும் வரும். அக்கா பொத்தான்ல கை வச்சா, பெட்டிக்கு முன்னாடி அக்கா பாடிருவா."

"நான் பாடினா சபை கலைஞ்சிரும்" என்றாள் கதவில் சாய்ந்திருந்த அக்கா. "தலைவரே அமுக்கட்டுமே. கையும் அசல்தானே?"

தலைவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பெட்டியை விட்டு ஓர் அடி தள்ளியும் நின்றார். ஆனாலும் பிடிவாதம் விடவில்லை.

"விழாவுக்குப் பழம்பொருள் நிபுணர் வர்றாரு. முதல்ல ஒயரைத்தான் பாப்பாரு. என் மானம் கப்பலேறிடும்."

"கப்பலேறினது என்னைக்காவது கரைக்கு வரும். அக்கா போனா வரமாட்டா."

சின்னவள் கட்டரை எடுத்தாள். பழைய ஒயரை உள்முனையில் வெட்டினாள். அறைச் சுவரில் எர்த் உள்ள சாக்கெட் ஒன்றைச் சோதித்துப் பிடித்தாள். மூன்று கம்பி உள்ள புது ஒயரை ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு நுழைத்தாள். யாராவது இழுத்தாலும் இணைப்பு அறுந்துவிடாதபடி உள்ளே கிளிப் வைத்து இறுக்கினாள். கரண்ட் வரும் ஃபேஸ் கம்பி ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும், நியூட்ரல் அதன் இடத்துக்கும் போயின. பச்சைக் கம்பிக்காகப் பெட்டியின் அடித்தகட்டில் ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினாள். அத்தான், தன்னையே சுரண்டியதுபோல் முனகினார். அவள் கம்பியைப் போல்ட்டால் முறுக்கி, மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் காலிலும் மறுமுனையை முன்பக்க இரும்பிலும் வைத்தாள். இணைப்பு உண்டு என்று மீட்டர் கீச்சென்றது. மற்ற இரண்டு கால்களிலும் வைத்தபோது வாயைத் திறக்கவில்லை. நல்ல மீட்டர், தேவையான இடத்தில் மட்டும் பேசும்.

அத்தானுக்கு இழவு விழுந்த முகம். பார்க்கச் சகிக்காமல் அக்காதான் வழி சொன்னாள். பழைய ஒயரின் வெட்டிய முனைக்கு டேப் சுற்றிப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டவைத்து, பிளக்கை எதிர்ச்சுவரின் செத்துப்போன சாக்கெட்டில் சொருகிவிடலாம். புது ஒயர் பெட்டிக்குப் பின்னால் மறைந்து எர்த் சாக்கெட்டுக்குப் போகட்டும். செத்த சாக்கெட்டையும் டெஸ்டரால் சோதித்துவிட்டுத்தான் சின்னவள் சம்மதித்தாள்.

ஐந்து மணிக்கு அக்கா காசு போட்டுப் பொத்தானை அமுக்கினாள். சின்னவளின் கண் பாட்டில் இல்லை, அக்காவின் விரலில் இருந்தது. தட்டு எழும்பியது, சுழன்றது, பாடியது. அக்கா இன்னொரு கையையும் இரும்பின் மேல் வைத்துக்கொண்டாள்.

நிபுணர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "இந்த இனிமை புது ஒயர்ல வராது. துணி ஒயருக்குள்ள வர்ற கரண்ட்டே தனி."

புகழ்ச்சி அத்தானின் தலைக்கேறியது. "பிளக்கும் அசல், பாருங்க!" என்று சுவரிலிருந்து பிடுங்கி எல்லோரிடமும் நீட்டினார்.

பாட்டு நிற்கவில்லை. இரண்டாம் சரணத்துக்கே போய்விட்டது.

கழகம் பிளக்கைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, தலைவரைப் பார்த்தது. தலைவர் கையில் பிளக்குடன், கூடப் படிக்கிறவனின் விடையைப் பார்த்து எழுதி அகப்பட்டவர்போல் நின்றார்.

நிபுணர் தொண்டையைச் செருமினார். "அசல் ஒயர்னா அப்படித்தான். எழுபது வருஷம் ஊறினது. பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும்."

ஓர் உறுப்பினர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். அத்தான் மிகவும் பலமாகத் தட்டினார்.

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விழுந்துவிடாமல் இருக்கப் பெட்டியின் இரும்பை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னவள் டெஸ்டரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.