மூன்று எண் பூட்டு

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை, இந்த மனுஷன் பெட்டி அடுக்கச் சொல்லித்தர வந்துவிட்டார். யாருக்கு? ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஒரு நாளைக்கு முந்நூறு மடிக்கிற லாண்டரிக்காரிக்கு!

"மடிக்காதடி, சுருட்டி வை. அப்பத்தான் இடம் மிஞ்சும்," என்றார் கணவர், கட்டிலில் சாய்ந்தபடியே.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடற்கரை ஊருக்கு நான்கு நாள், தனியாக. மூன்று வருடம் கெஞ்சி வாங்கிய லீவு. நாலரைக்கு ரயில், அதை விட்டால் லீவும் போச்சு, பயணமும் போச்சு.

மெல்லிய பருத்திச் சட்டைகள், சீக்கிரம் காயும் துண்டு, ரப்பர் செருப்பு, தொப்பி, வேர்க்குரு பவுடர். கசகசவென்று வியர்க்கிற ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் எழுந்துபோய் ஒரு கம்பளி ஸ்வெட்டரைக் கொண்டுவந்தார்.

"ரயில்ல ஏசி போடுவான்."

"நீங்க போட்டுக்கிட்டு வீட்லயே உக்காருங்க."

"தனியா போய் என்ன கிழிக்கப் போற? ரெண்டே நாள்ல ஓடி வருவ பாரு."

வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு குளிக்கப் போனாள். திரும்பி வந்தால், பெட்டி பூட்டிக் கிடந்தது. டிக்கெட்டும் பணமும் வைத்திருந்த கைப்பையைக் காணோம்.

"உள்ளதான் வச்சிருக்கேன், பத்திரமா. பூட்டுக்கு நம்பரும் போட்டாச்சு," என்றார், ஏதோ மலையைப் புரட்டியவர்போல.

"என்ன நம்பர்?"

"உன் பொறந்தநாள்தான். வேற எதப் போடுவேன்?"

வெட்கங்கெட்ட மனசு, ஒரு நிமிடம் இளகித்தான் போனது. இந்த ஆளுக்கு இதெல்லாம் நினைவிருக்கிறதா! ஆகஸ்டு நான்கு. பூஜ்யம், நான்கு, எட்டு என்று திருகினாள். பூட்டு அசையவில்லை. மறுபடி திருகினாள். ஊஹூம். கீழே வாடகைக் கார் ஹாரன் அடித்தது.

"ஒரு பூட்டத் திறக்கத் தெரியல, ஊர் சுத்தக் கிளம்பிட்டா. தள்ளு!"

அவர் விரல் திருகியது. ஒன்று, ஒன்பது, ஆறு. டக்கென்று திறந்துகொண்டது.

"பாத்தியா?" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

ஜூன் பத்தொன்பது. அவருடைய தங்கையின் பிறந்தநாள். அந்தத் தேதிக்கு வருடா வருடம் கடை ஏறி இறங்கிப் பரிசு வாங்கி, காகிதம் சுற்றிக் கொடுப்பவள் இவள். ஆகஸ்டு நான்கில் இந்த வீட்டில் ஒரு மிட்டாய்த் தாள்கூடக் கசங்கியதில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். சீ, இந்த ஆளிடம் போய்க் கோபப்படுவானேன் என்றிருந்தது.

கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பெட்டிக்குள் அவர் திணித்திருந்த ஸ்வெட்டரை உருவி அவர் தோளிலேயே போட்டாள். பெட்டியை மூடி, பூட்டின் பக்கத்துக் குமிழை அழுத்தி எண்ணை மாற்றினாள்.

"ஏய், எதுக்கு மாத்துற? என்ன நம்பர் வச்ச?"

"என் பொறந்தநாள்."

"அதத்தானடி நானும் வச்சேன்!"

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"நாலு நாள் இருக்கு. யோசிச்சுப் பாருங்க. தெரிஞ்சா போன் பண்ணுங்க, தெரியலன்னா பண்ணாதீங்க."