மஃப்ளர் போட்ட விருந்தாளி

சவிரிமுத்து சுவாமியாரைக் கேற்றடியில் நிறுத்தி வைத்து, குருமார் போடும் வெள்ளைக் கழுத்துப்பட்டி தெரியாதபடி மஃப்ளரை மூன்று சுற்றுச் சுற்றினாள் பிலோமினம்மா. ஜூன் மாத வெயிலில் எட்மண்டன் முழுவதிலும் மஃப்ளர் கட்டிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

"பொய் சொல்ல எனக்கு ஏலாது அம்மா."

"பொய்யெல்லாம் நான் சொல்லுறன் சுவாமி. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வாறன், அப்ப மன்னிச்சு விடுங்கோ."

முன்னறையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் கணவர் கஸ்பர் கிடந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் மாவோடு மல்லுக்கட்டிய மனிதர். ஈரலில் புற்றுநோய். இனி நாட்கணக்குத்தான் என்று போன வாரத் திங்கட்கிழமை வந்த நேர்ஸ் சொல்லிவிட்டாள். அன்றே கஸ்பர் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "பூசுதல் இல்லாமல் என்னைப் போக விடாதையப்பா." கண்ணை மூடுமுன் ஒரு சுவாமியார் வந்து ஜெபம் சொல்லி எண்ணெய் பூச வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்குக் குறுக்கே நின்றது பெற்ற பிள்ளை.

நிஷாந்த் மைண்ட்செட் கோச். சவுத்தாலில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு பேருக்கு வெற்றியாளர்களின் மனநிலையைக் கற்பிக்கிறான். உலகத்துக் கோடீஸ்வரர்கள் எல்லாரும் இவனுக்கு ஒரு போன் அடித்துக் கேட்டுவிட்டுத்தான் காலையில் பல் துலக்குகிறார்கள் என்று, அவன் பேச்சைக் கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். தகப்பனுக்கு உடம்புக்கு ஏலாது என்றதும் ஒரு வெள்ளைப் பலகையோடு வந்து இறங்கினான். முதல் வேலையாக இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றிக் குசினிக்குள் பிரிட்ஜுக்கு மேல் வைத்தான். ஆண்டவருடைய முகம் சோகமாக இருக்கிறதாம். அந்த ஆணியில் இப்போது பலகை. அதில் இன்றைய இலக்கு. அதற்குக் கீழே, வீட்டில் சொல்லக்கூடாத சொற்கள்: சாவு, கடைசி, பாவம், ஐயோ. வாய் தவறினவர் மூன்று தரம் கைதட்டி "வெல்லுவம்" என்று சொல்ல வேண்டும். ஒன்பது நாளில் பிலோமினம்மா தட்டிய தட்டலில் எட்மண்டன் புறாக்கள் கூண்டோடு இடம்பெயர்ந்துவிட்டன.

போன ஞாயிறு வந்த பங்குச் சுவாமியாரை நிஷாந்த் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். "வெற்றியாளருக்கு ரெண்டாவது திட்டம் கிடையாது அம்மா. சுவாமியார் உள்ளுக்கு வந்தால் அப்பா தோத்துப்போனார் எண்டு அர்த்தம்."

அதனால்தான் இன்று அப்டன் பார்க்கிலிருந்து இந்தச் சுவாமியார். நிஷாந்த் கோயில் பக்கம் போய்ப் பன்னிரண்டு வருடம். இவரைத் தெரிய வழியில்லை.

"ஆரம்மா இது?" என்றான் நிஷாந்த், வாசலில்.

"அப்பாவைப் பார்க்க வந்தவர். உலகம் முழுக்கக் கிளை இருக்கிற இடத்தில பெரிய பொறுப்பு. விடிய நாலரைக்கு எழும்புறவர். உன்னை மாதிரி அலாரத்துக்கு அடிச்சுப்போட்டு எட்டு மணிமட்டும் குறட்டை விடுறேல்லை."

நிஷாந்தின் முகம் மலர்ந்தது. "நாலரையோ! எழும்பின உடன முதல் என்ன செய்வியள் அங்கிள்?"

"முழங்காலில நிப்பன்," என்றார் சுவாமியார், உண்மையைத் தவிர வேறொன்றும் வராமல்.

"சூப்பர்! உடம்பு உறுதி!" நிஷாந்த் கட்டைவிரலை உயர்த்தினான். அது அவன் முத்திரை. காலையில் தகப்பனுக்கும் அதைக் காட்டி, அவருடைய விரலையும் பிடித்து நிமிர்த்தி வைப்பான்.

சுவாமியார் கட்டிலருகே குனிந்து சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளிச் சிமிழை எடுத்தார். ஒன்பது நாளாக "வெல்லுவன்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லாத கஸ்பரின் உதடுகள், அதைக் கண்டதும் ஜெபத்துக்கு அசைந்தன. குனிந்த குனிவில் மஃப்ளர் நழுவிப் பக்கத்துக் கதிரையில் விழுந்தது.

"அம்மா!" நிஷாந்த் போட்ட சத்தத்தில் யன்னல் கண்ணாடி உடையாதது அதிசயம். "அப்பாவைச் சாகச் சொல்லுறியளோ?"

"தட்டு," என்றாள் பிலோமினம்மா. "சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டாய். மூண்டு தரம் கையைத் தட்டு."

"நான் கட்டி எழுப்பின மனநிலையை ஒரு நிமிசத்தில நாசமாக்கிப்போட்டியள்!"

"மனநிலையோ? அந்த மனுசன் உனக்காக நோவை முழுங்கிக்கொண்டு கிடக்குது. உனக்கு உன்ரை பதினொரு பேருக்கும் சொல்லுறதுக்கு ஒரு கதை வேணும். நீ பிள்ளையில்லையடா, பிசாசு. விலகு!"

சுவாமியார் ஒன்றும் காதில் விழாதவர்போல் நெற்றியில் பூசினார். இடது உள்ளங்கையில் பூசினார். வலது கை விரியவில்லை. அதற்குள் நிஷாந்த் கொடுத்த ரப்பர் பந்து இருந்தது. நாளுக்கு நூறு தரம் பிசைய வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. பிசைந்தபடியே விரல்கள் இறுகிப்போயிருந்தன. சுவாமியார் முயன்றார். வாதம் பிடித்த விரல்களோடு பிலோமினம்மாவும் இழுத்துப் பார்த்தாள். ஏலவில்லை.

"தம்பி," என்றார் கஸ்பர். "எடுத்து விடு."

"இன்னும் இருபது தரம் கிடக்குதப்பா."

"நூறும் முடிஞ்சுது ராசா. களைச்சுப்போனன்."

நிஷாந்த் பலகையைப் பார்த்தான். பிறகு கட்டிலடியில் குந்தியிருந்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக விரித்தான். பந்து விழுந்து கட்டிலுக்குக் கீழே உருண்டு போனது. விரல்கள் திரும்ப மடங்காமல் அவன்தான் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. சுவாமியார் பூசிய எண்ணெயில் பாதி தகப்பனுடைய உள்ளங்கையிலும் மீதி அவனுடைய கட்டைவிரலிலும் பட்டது.

சுவாமியார் போய் ஒரு மணித்தியாலத்துக்குள் கஸ்பரின் மூச்சு நின்றது. பிலோமினம்மா கண்களை மூடிவிட்டாள். வாய் திறந்துவிடாமல் நாடியைக் கட்டத் துணி தேடி, கதிரையில் கிடந்த மஃப்ளரை எடுத்துக் கட்டினாள். பிறகு பலகைக்கு நேரே திரும்பி நின்று உரத்துச் சொன்னாள்:

"அப்பா செத்துப்போனார்."

ஒருவரும் கைதட்டவில்லை.

"மரம் மாதிரி நிக்காதை. மன்னாருக்கு அடிச்சுச் சித்தப்பாவுக்குச் சொல்லு."

நிஷாந்த் போனை எடுத்துக் கட்டைவிரலை வைத்தான். திறக்கவில்லை. மறுபடி வைத்தான்.

"எண்ணெய். துடை," என்று ஒரு கடதாசித் துவாயை அவன் மேல் எறிந்தாள்.

அது அவன் காலடியில் விழுந்து கிடந்தது. அவன் போனைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டு, பூட்டைத் திறக்கும் ஆறு இலக்கங்களையும் இடது கையால் ஒவ்வொன்றாக அழுத்தினான். இரண்டு தரம் பிழையாயிற்று. வலது கட்டைவிரல் எதிலும் படாமல், நிமிர்ந்தபடியே நின்றது.