நெகட்டிவ் அறையில் புளித்த வாடை

காலை எட்டு மணிக்குத் தங்கப்பன் நெகட்டிவ் அறையின் பூட்டைத் திறந்து, கதவைக் கால்வாசி தள்ளிவிட்டு நின்றார். அந்த வாடை அன்றும் இருந்தது. சுண்ணாம்பு குறைந்த கலயத்தில் அக்கானி என்கிற பதநீர் வெயில் ஏற ஏறக் கள்ளாகுமே, அந்தப் புளிப்பு. அலமாரிகளுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். செத்த பல்லி இல்லை, எலி இல்லை. நேற்றும் இப்படித்தான் பார்த்திருந்தார்.

வட்டக்கோட்டைச் சாலையிலிருந்த அந்தப் பழைய வீட்டில் ஓர் அறக்கட்டளை புகைப்படக் காப்பகம் நடத்தியது. மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பதினோராயிரம் நெகட்டிவ்கள் அங்கே தகரப் பெட்டிகளில் இருந்தன. தேரோட்டங்கள், கல்யாணங்கள், குளச்சலில் கரையேறிய வள்ளங்கள். உப்புக்காற்று படக்கூடாதென்று ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். ஏழு வருடமாகத் தங்கப்பன் அங்கே காவலாளி. ஆனால் அவர் காப்பகத்தின் ஆள் இல்லை, நாகர்கோவிலில் உள்ள ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியின் ஆள்.

பதிவேட்டில் எழுதினார்: 'அறையில் புளித்த வாடை. காரணம் தெரியவில்லை.' அதே வரி அந்தப் பக்கத்தில் ஒன்பது முறை இருந்தது.

சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு மனைவி ஞானம் கிணற்றடிவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"இஞ்ச பாருங்க, ஒண்ணு கேட்டா கோவப்படப்பிடாது."

"கேளு."

"சட்டையில கள்ளு மணம் வருது."

"ஏட்டி, எங்க அப்பன் நாப்பது வருசம் பனை ஏறுன மனுசன். ஒரு துளி நாக்குல வச்சது கிடையாது. நான் வைப்பேனா?"

"நீங்க குடிச்சியன்னா சொன்னேன்? மணம் வருதுன்னுதான் சொன்னேன்."

மறுநாள் உமிக்கரியால் இரண்டு தடவை பல் தேய்த்தார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து ஊதி முகர்ந்தார். ஒன்றும் விளங்கவில்லை. மூக்கு முழுக்க அந்த அறையே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் கும்பிடும் நிழல்தாங்கலில் உகப்படிப்புப் பிரார்த்தனையைச் சொல்லி, வருகிறவர்கள் நெற்றியில் நாமம் இடுவது அவர்தான். அவருக்கு முன் அவருடைய அப்பா. பேச்சு ஊருக்குள் போய்விட்டால் அந்தக் கைக்கு யார் நெற்றியைக் காட்டுவார்கள்?

காப்பக மேலாளர் பொன்னுலிங்கத்திடம் போய்ச் சொன்னார். "சார், மணம் பெட்டிக்குள்ள இருந்தாக்கும் வருது. மூடியத் தொறந்து பாத்தேன்."

"ஒம்ம யாரு தொறக்கச் சொன்னா?"

"தொறக்காம எப்பிடி சார் தெரியும்?"

"உள்ள இருக்கது பிளாஸ்டிக்குவே. பிளாஸ்டிக் எங்கயாவது புளிக்குமா? ஓடையில நூறு வருசம் கெடந்தாலும் அது அப்பிடியே கெடக்கும்."

தங்கப்பனும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அந்த வாரம் பெங்களூரிலிருந்து படம் தேடி வந்த ஒருவர், 'காவலாளி குடித்திருக்கிறார்' என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். மறுநாள் ஏஜென்சியின் சூப்பர்வைசர் சுனில் பைக்கில் வந்து இறங்கினான். தங்கப்பனின் மகன் வயதுதான் இருக்கும்.

"களியக்காவிளை தாண்டினா கள்ளு ஷாப்பு. வாரத்துல எத்தன நாளு போறிய அண்ணாச்சி?"

"நான் அந்தப் பக்கம் போயி வருசம் நாலாவுது."

"பின்ன ஒரு காரியம் செய்யுங்க. ஊதுங்க. தீந்து போச்சு."

சுனில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தான். தங்கப்பன் ஒரு அடி பின்னால் போனார். நெற்றியில் காலையில் இட்ட நாமம் வியர்வையில் கரையாமல் இருந்தது.

"ஊத மாட்டேன்."

"குடிக்கல்லன்னா ஊதுகதுக்கு என்ன?"

"இந்த வாயால உகப்படிப்பு சொல்லுதேன். இது ஒன் மூக்குக்கு ஊதிக் காட்டுகதுக்கு உள்ளதில்ல."

"ஊதிரும்வே," என்றார் வாசலிலிருந்த பொன்னுலிங்கம். "எனக்கும் வேல கெடக்கு."

தங்கப்பன் வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி நின்றார். சுனில் போனில் யாரிடமோ, "ஊத மாட்டேங்காரு சார்," என்றான். பிறகு இவர் முகத்தைப் பார்க்காமல், "யூனிபாரம் ரெண்டு செட்டும் கழுவித் தேய்ச்சுக் கொண்டாங்க," என்றான்.

ஞானம் மூன்று முறை கழுவினாள். பன்னிரண்டாம் நாள் அவர் அதைத் துணிப்பையில் வைத்து எடுத்து வந்தார். கேட்டில் புது ஆள் நின்றான். முற்றத்தில் பிரித்துப் போட்ட ஏசி அட்டைப்பெட்டிகள் கிடந்தன. கூடத்து மேசையில் தகரப் பெட்டிகள் திறந்திருந்தன. காவலாளி மாறியும் வாடை போகாததால் அறக்கட்டளை சென்னையிலிருந்து வரவழைத்த லட்சுமிப்ரியா, பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் நிபுணர், கையுறை மாட்டிய கையால் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு துண்டுத் தாளை எடுத்து வரிசையாக வைத்தாள். முந்தின நாள் அவள் நீலமாக உள்ளே போட்ட தாள்கள். சில பச்சையாகியிருந்தன. பல மஞ்சள்.

"இது அசிடேட் பிலிம் சார். ஒரு வகை பிளாஸ்டிக். சூட்டுல, ஈரத்துல பழசாகி ஆசிட் விடுது. அதான் வினிகர் வாசனை. ஆசிட் பட்டா இந்த நீலத் தாள் நிறம் மாறும். தாள் மஞ்சளான பெட்டியெல்லாம் ரொம்ப மோசம். இனிமே குளிர்லதான் வைக்கணும். உள்ள போறவங்க மாஸ்க் போடணும்." அவள் நிமிர்ந்தாள். "வாசனைய முதல்ல கவனிச்சது யாரு? அவங்களாலதான் மிச்சம் தப்பிச்சுது."

பொன்னுலிங்கம் பதிவேட்டை விரித்துக் காட்டினார். "நாங்கதான் மேடம். ஜூலையிலேயே எழுதி வச்சிருக்கோம்."

தங்கப்பன் தன் கையெழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்தார். பக்கத்தில் முகக்கவசத்தோடு சுனில் நின்றான்.

"அப்ப பிளாஸ்டிக் புளிக்குமா சுனிலு?"

"புளிக்குமாம் அண்ணாச்சி. எனக்கும் ஒண்ணும் புரியல்ல."

"பின்ன என்னை வேலைய விட்டு எதுக்கு எடுத்தது?"

சுனில் யூனிபாரத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தான். "அது வாடைக்கு இல்ல. ஊதச் சொன்னப்ப ஊதல்ல, அதுக்கு. சொன்ன பேச்சு கேக்கல்லன்னு பேப்பர்ல எழுதியாச்சு." சட்டையைத் திருப்பினான். "இதுல ஒரு பட்டன் இல்ல."

உள்ளிருந்து கூப்பிட்டார்கள். எல்லாரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏசி மாட்டிய புது அறைக்குப் போனார்கள். கூடத்தில் தங்கப்பன் மட்டும் நின்றார். மேசையில் பயன்படுத்தாத நீலத் தாள்கள் ஒரு கட்டு கிடந்தன. அவர் ஒன்றை உருவினார். இரு பக்கமும் பார்த்துவிட்டு அதை உதட்டுக்கு நேராகப் பிடித்து, நெஞ்சிலிருந்த மூச்சு தீரும்வரை ஊதினார். நீலமாகவே இருந்தது. இன்னொரு தடவை ஊதினார். நீலம்.

தாளை முன்னால் நீட்டிப் பிடித்தபடி அவர் புது அறையின் வாசலைப் பார்த்து நடந்தார். ஏசி ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று யாரோ உள்ளிருந்து கதவைச் சாத்தினார்கள்.